மருதமரத்துச் செள்ளின் வம்சப் பெருமை

குளக்கரை மருதமரத்தின் அடிப்பொந்தில் வேலாத்தா என்ற காட்டுக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. முட்டைக்குள் குஞ்சுகள் அசையத் தொடங்கியிருந்தன. ஆனால் தாயின் முகம் வெளுத்து, கண் செருகிக் கிடந்தது.

எல்லாம் செள்ளுப்பூச்சியின் வேலை. ரத்தம் குறையக் குறைய உடம்பின் சூடும் குறைந்தது. சூடு போனால் அத்தனையும் கூமுட்டைதான்.

குளத்தில் வைத்தியம் பார்க்கும் கொக்கு ஒன்று இருந்தது. நோயாளி சொல்வதைக் கேட்கும்போது பாதித் தூக்கத்தில் இருப்பது அதன் வழக்கம். அது வந்து ஒரு பூச்சியை அலகில் எடுத்துப் பார்த்தது.

"இறகுச் செள்ளு! காட்டுத்தீ விட்டுப்போன சாம்பல் அங்கே குவிந்து கிடக்கிறது. போய்ப் புரளு!"

"புரண்டு புரண்டு றெக்கையே நரைத்துப் போச்சு, வைத்தியரே! பகலில் நமைச்சல் குறைகிறது. விடிந்தால் பழையபடி சோர்வு. இது வேறு பூச்சியோ என்னவோ!"

கொக்குக்குக் கோபம் வந்துவிட்டது. "எட்டுக் கால். சிவப்பு நிறம். கோழி ரத்தம் குடிக்கிறது. இதற்குமேல் குலம் கோத்திரம் விசாரிக்க நான் என்ன கல்யாணத் தரகனா?"

மறுநாள் விடியற்காலை. வேலாத்தாவின் வால்பக்கம் ஏதோ சண்டைச் சத்தம் கேட்டது.

"தள்ளிப் படு, பங்காளி! இடிக்காதே!" என்றது ஒரு குரல். சாம்பலுக்குத் தப்பிய இறகுச் செள்ளு அது. பெயர் மொண்டி.

"யாருக்கு யார் பங்காளி?" என்று சீறியது இன்னொன்று. அது வீரபாகு. இரவெல்லாம் குடித்த குடியில் வயிறு உப்பி, நடக்க முடியாமல் அங்கேயே கிடந்தது.

"உனக்கும் எட்டுக் கால், எனக்கும் எட்டுக் கால். குடிப்பதும் ஒரே ரத்தம்!"

"வாயை மூடு! நாங்கள் வீடு வாசல் உள்ளவர்கள். இருட்டினால் வருவோம், குடிப்போம், விடியுமுன் வீடு திரும்புவோம். உங்களைப்போல் கோழியின் குண்டியிலேயே குடித்தனம் நடத்துகிற ஈன ஜாதி இல்லை!"

"வீடாம் வீடு! எங்கேயடா உன் அரண்மனை?"

"இதே மரத்தில்தான்! பொந்துக்கு மேலே, வெடித்த பட்டைக்கு அடியில்! என் ஜனம் முழுக்க இப்போது அங்கேதான் தூங்குகிறது. கோழி சாம்பலில் புரண்டால் சாவது நீங்கள். எங்கள் மேல் ஒரு தூசு படாது!"

வேலாத்தாவுக்குக் கொத்திவிடலாம் என்று அலகு துடித்தது. அடக்கிக்கொண்டது. குரலில் தேனைக் குழைத்து, "ஐயா, பெரிய இடத்துப் பிள்ளையென்று தெரியாமல் போச்சே! அந்தப் பட்டை இடது பக்கமா, வலது பக்கமா?" என்று கேட்டது.

"இடது பக்கம்!" என்றது வீரபாகு, நெஞ்சை நிமிர்த்தி. "வலது பக்கம் எறும்பு குடியிருக்கிறது. அந்தக் கூட்டத்தோடு நாங்கள் புழங்குவதில்லை."

"ரொம்ப நல்லது ஐயா!" என்று சொல்லி, வேலாத்தா அதைக் கொத்தி விழுங்கியது.

பிறகு மேலே பார்த்துக் கூவியது. "மரங்கொத்தி அண்ணே! இடது பக்கம், வெடித்த பட்டை. ரத்தம் குடித்துக் கொழுத்த கூட்டம்!"

"காலையிலேயே விருந்தா, தங்கச்சி? வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராதே!"

பட்டை பட்டையாக உரிந்தது. வம்சம் வம்சமாக உள்ளே போனது. வெயில் ஏறுவதற்குள் மரம் சுத்தம்.

அதைப் பார்த்து மொண்டி வாலுக்கடியில் உருண்டு உருண்டு சிரித்தது. சிரிக்கும் பூச்சி இருக்கும் இடம் தெரிந்துவிடும். வேலாத்தாவின் அலகு அதையும் விட்டுவைக்கவில்லை.

வேலாத்தாவின் உடம்பில் மெல்லச் சூடு ஏறியது. சில நாட்களில் ஓடுகள் வெடித்துக் குஞ்சுகள் வெளிவந்தன. ஒரு முட்டைகூடக் கூமுட்டையாகவில்லை.

ஒளிந்து பிழைக்கிறவன் வம்சப் பெருமை பேசினால், பெருமை பேச வம்சமே மிஞ்சாது.