எமிமாவை விசாரிச்ச கதை

ஒரு ஊர்ல ஒரு வேதக்கோயில் இருந்துச்சாம். வாசல்ல "எல்லாரும் வாங்க"ன்னு கொட்டை எழுத்துல பலகை. உள்ள போனா யாரும் தள்ளி உக்காந்து எடம் குடுக்க மாட்டாங்க. கேக்குறியா? ம்.

அந்த ஊருக்கு எமிமான்னு ஒருத்தி கைப்புள்ளையோட குடிவந்தா. புருசன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கணும், அதான் அவளுக்கு ஒரே கவல. போதகர் ஐயா சொன்னாரு, "நம்ம சபையில யாராச்சும் புள்ளைய ஏந்திக்கிட்டு ஞானத்தாயா நிக்கணும்மா. நின்னா வர்ற ஞாயித்துக்கிழமையே குடுத்துரலாம்." அப்புறம் சபையப் பாத்து, "புதுசா வந்தவங்கள வீட்டுல போய் அன்பா விசாரிங்க"ன்னாரு.

சொன்னாரா? இவங்களுக்குத் தெரிஞ்ச விசாரிப்பு போலீஸ் விசாரிப்புதான்!

டொக் டொக். சபைச் செயலர் தேவசித்தம்.

"சொந்த ஊரு எது? ஏன் அங்கேருந்து கெளம்புனீங்க?"

புள்ள வீல் வீல்னு கத்துது. எமிமா தோள்ல தட்டிக்கிட்டே பதில் சொன்னா. "ஐயா, ஞானத்தாய்க்கு யாராச்சும்..."

"விசாரிச்சு முடியட்டும்மா."

அப்புறம், டொக் டொக் டொக். மாதர் சங்கத் தலைவி பொன்மலர்.

"புருசன் கப்பல்லயா? போட்டோ இருக்கா?"

காட்டுனா. அந்தம்மா உத்து உத்துப் பாத்துட்டு, "இதுல கப்பலே தெரியலயே"ன்னுட்டுப் போயிட்டா.

மூணாவது தடவ ரெண்டு பேரும் சேந்து வந்தாங்க. காப்பியக் குடிச்சாங்க. குரலத் தாழ்த்திக்கிட்டாங்க.

"நாம... என்ன ஆளுக?"

"இயேசப்பா ஆளுக."

"அது தெரியும்மா. அதுல எந்தப் பிரிவு?"

எமிமா அவங்கள அனுப்பிட்டுக் கதவச் சாத்துனா. இந்தக் கோயில்ல எம்புள்ளைக்கு யாரு நிக்கப் போறான்னு அப்படியே உக்காந்துட்டா. தூங்கிட்டியா? ம்.

அப்போ தடால்! கதவத் தட்டவே இல்ல, தள்ளிட்டு ஒருத்தி வந்தா. பக்கத்துத் தெரு ரோஸ்லின், அதே சபைதான். ஊரே பயப்படுற வாய்க்காரி.

"நீங்களும் விசாரிக்கவாக்கா?"

"போடி, எனக்கு வேற வேலையில்ல பாரு. உம்புள்ள போடுற சத்தத்துல எங்க வீட்டுல ஒருத்தரும் தூங்கல. இங்க குடு அத. நீ போய்த் தலைக்குத் தண்ணி ஊத்து. கிட்ட நிக்க முடியல."

சளக் சளக்னு ஊத்திக்கிட்டே எமிமா அழுது தீத்தா. ஈரத்தலையோட வெளிய வந்தா, ரோஸ்லின் தோள்ல புள்ள கொர்ர்ர்னு தூங்குது. அப்புறம் தெனமும் ரோஸ்லின் வருவா, திட்டுவா, புள்ளைய வாங்கிக்குவா.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. "ஞானத்தாய் யாரு?"ன்னு போதகர் கேட்டாரு. சபையில எல்லாரும் பாட்டுப் புத்தகத்தப் பொரட்டுறாங்க.

தேவசித்தம் எந்திரிச்சாரு. "ஐயா, விசாரிப்பு இன்னும் முடியல."

ரோஸ்லின் புள்ளையத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு முன்னால போனா. "நான் நிக்கேன். ஊத்துங்க ஐயா."

"இவங்க யாரு, என்னன்னு உனக்குத் தெரியுமாம்மா?"ன்னாரு தேவசித்தம்.

"அய்யோ, கேக்க மறந்துட்டேனே!"

போதகர் சிரிப்ப அடக்கிக்கிட்டு ஊத்துனாரு. லேயாள்னு பேரு வச்சாச்சு.

அப்புறம் தேவசித்தம் மைக்கப் புடிச்சாரு பாரு! "நம்ம விசாரிப்போட பலனா, புதுசா ஒரு குடும்பம் சபையில சேந்திருக்கு!" எல்லாரும் படபடன்னு கை தட்டுனாங்க.

ரோஸ்லின் மட்டும் தட்டல. கையிலதான் புள்ள இருக்கே.

கதை அம்புட்டுத்தான். கண்ண மூடு, தூங்கு.