வெறுங்கையோடு வந்த ராடு

தண்ணீருக்குப் போர் போடுகிற வண்டி ஒன்றில் ஒரு ராடு இருந்தது. நீளமான இரும்பு, நுனியில் மூன்று பல். அதற்கு இருந்த தலைக்கனத்தைச் சொல்லி மாளாது. இருபத்து மூன்று வருடத்தில் தண்ணீர் காட்டாமல் ஒரு குழியிலிருந்தும் அது மேலே வந்ததில்லை. பாறையோ சுக்கான்கல்லோ, இறங்கினால் ஈரத்தோடுதான் ஏறும். வண்டிக்காரர் அர்த்தநாரி, போர் வண்டிக்குப் பேர்போன திருச்செங்கோட்டு ஆள். அவருக்கும் அதே திமிர்தான். நல்ல ஜோடி.

ஒரு நாள் வண்டி ஒரு சின்ன டவுனுக்குப் போனது. அங்கே ஒரு பெட்ரோல் பங்க்கில் தரைக்கடியில் இருந்த டேங்க் துருப்பிடித்து, வருடக்கணக்காக டீசல் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறங்கியிருந்தது. பக்கத்துக் கிணறுகளில் வாளியை விட்டால் தண்ணீர் மேல் வானவில் மிதந்தது. டீசல் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க ஜெசிந்தா என்கிற ஆபீசர் வந்திருந்தார்.

"அண்ணே, இது தண்ணி எடுக்குற போர் இல்ல. மண்ணு எடுத்துப் பாக்குறதுக்கு. சாம்பல் கலர்ல களி வந்ததும் நிறுத்திடணும். அதுக்கு மேல ஒரு அடிகூடப் போகக் கூடாது" என்றார்.

"சரிங்க அம்மணி" என்றார் அர்த்தநாரி. சொன்னாரே தவிர, அவர் முகம் போன போக்கைப் பார்க்கணும்.

ராடுக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. தண்ணீர் வேண்டாமென்றால் என்னை எதற்குக் கூப்பிட வேண்டும், ஒரு கடப்பாரையைக் கூப்பிட்டிருக்கலாமே என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கியது.

மண்ணுக்குள் இறங்குகிறவர்களுக்குத்தான் தெரியும், அங்கே பொழுதே வேறு. மேலே ஒரு நிமிஷம் ஆவதற்குள் கீழே ஒரு மழைக்காலம் போய்விடும். வெளிச்சம் கிடையாது. ஆனால் இருட்டென்றும் சொல்ல முடியாது. வெயிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தால் தெரிகிற அந்த மஞ்சள்தான் எல்லாப் பக்கமும். ராடுக்கே கொஞ்சம் சொக்கியது.

முதலில் வந்தது மணல். அரைத் தூக்கத்தில் இருந்தது.

"டீசல் இந்தப் பக்கம் போச்சா?" என்று ராடு அதட்டியது.

"போச்சு. யாருதான் போகல? மழை போச்சு, எறும்பு போச்சு, அவரும் போனாரு. சத்தமே இல்லாம மெதுவாத்தான் போனாரு."

"நீ தடுத்திருக்கலாமே?"

"தடுக்குறதா? நான் மணலுப்பா. வர்றவங்களுக்கு வழி விடத்தான் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மணல் புரண்டு படுத்தது.

அதற்கும் கீழே, மேல் ஊற்றோடு கலந்து, டீசல் பளபளவென்று விரிந்து கிடந்தது. ராடைக் கண்டதும் அதற்கு அத்தனை சந்தோஷம்.

"வாங்க, வாங்க. ரொம்ப நாளா உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

"எனக்காகவா?"

"நான் யாரையும் இடிச்சுத் தள்ளிட்டு உள்ள போற ஆள் இல்லீங்க. யாராவது வழி போட்டா பின்னாலேயே போவேன். அவ்வளவுதான் நம்ம சுபாவம்."

ராடு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த அடியில் அதன் பல் வழவழவென்று எதிலோ மாட்டியது. சாம்பல் நிறக் களிமண்.

"நில்லு" என்றது களிமண்.

"நிக்கிறதா? உன்கிட்டத்தான் நாத்தம் குடலைப் பிடுங்குது. டீசலை ஒளிச்சு வச்ச திருடன் நீதானா?"

"நாத்தம் என்கிட்டத்தான் இருக்கும். பிடிச்சு வச்சிருக்குறது நான்தானே. பதினோரு வருஷமா இதே வேலை, கை மரத்துப்போச்சு. நீ மட்டும் ஓட்டை போட்டுடாத, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"உள்ள எதையோ மறைக்கிறவன்தான் இப்படி வாசல்ல நின்னு கெஞ்சுவான்."

அப்போதுதான் களிமண்ணுக்குக் கீழேயிருந்து அந்தக் குரல் கேட்டது. தூக்கத்தில் பேசுகிற குரல்.

"யாரது? இரும்பு வாசம் அடிக்குதே. வாயேன், இன்னும் நாலடிதான்."

தண்ணீர்! ராடு அப்படியே உருகிப்போனது. எத்தனையோ ஊர்த் தண்ணீரின் குரலை அது கேட்டிருக்கிறது, இத்தனை குளுமை எங்கேயும் இருந்ததில்லை.

"உன் பின்னால யாரோ நிக்கிறாங்க போலிருக்கே. அவரையும் கூட்டிட்டு வா, பாவம். நான் யாரையும் வேண்டாம்னு சொன்னதே இல்ல."

ராடு திரும்பிப் பார்த்தது. டீசல் அதன் முதுகை ஒட்டி, வழிந்து வழிந்து, கூடவே வந்துகொண்டிருந்தது. சிரித்தது.

"கேட்டியா?" என்றது களிமண். "அவளுக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியாது. அவளுக்காகச் சொல்லத்தான் நான் இங்க படுத்திருக்கேன். மேல ஒரு தெருவே அவளைத்தான் குடிக்குது. குழந்தை குட்டி எல்லாம்."

மேலே ஜெசிந்தா மண் போட்ட பாட்டிலில் பேர் எழுதக் குனிந்திருந்தார். அர்த்தநாரியின் கைக்கு ஈரம் தெரிந்துவிட்டது. இருபத்து மூன்று வருடத்துக் கை அது, சும்மா இருக்குமா? "நாலடிதான். தண்ணி பீச்சிக்கிட்டு வரும், எல்லாரும் பாக்கட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்ஜினை முறுக்கினார்.

ராடு வாழ்க்கையில் முதல் முறையாகப் பயந்தது. மூன்று பல்லையும் களிமண்ணுக்குள் ஊன்றிக்கொண்டு நின்றது. களிமண்ணும் தன் பலத்தையெல்லாம் கூட்டி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இன்ஜின் உறுமியது, புகை கக்கியது. ராடு அசையவில்லை.

"என்னங்க யோசனை? இத்தனை வருஷம் எடுத்த பேரு போயிடுமே" என்றது டீசல், ரொம்ப அக்கறையாக.

"போகட்டும்" என்றது ராடு.

சத்தம் கேட்டு ஜெசிந்தா ஓடி வந்தார். "அண்ணே, களி வந்தாச்சு, நிறுத்துங்க."

அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டு இன்ஜினை அணைத்தார். ராடை உருவினார்கள். ஜெசிந்தா பக்கத்திலேயே நின்று, ஊறவைத்த களியையும் சிமெண்டையும் குழி நிறையும்வரை போட்டு அடைக்கச் சொன்னார். அதன் பிறகுதான் பாட்டில்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வேடிக்கை பார்த்த கூட்டம், "பெரிய திருச்செங்கோட்டு வண்டின்னாங்க, ஒரு சொட்டு வரலையே" என்று கலைந்தது. அர்த்தநாரி வண்டிப் படியில் உம்மென்று உட்கார்ந்துவிட்டார். ராடு மேலே கிடந்தது. அவமானமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

எதிர் வீட்டுக் கனகவல்லி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வராட்டிப் போகுது விடுங்கண்ணே. எல்லா வண்டிக்கும் ஒரு நாள் இப்படித்தான். இந்தாங்க, குடிங்க."

அவர் சொம்பை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அந்த ஊருக்கு வந்ததிலிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம்.

"பயப்படாம குடிங்க. இது கிணத்துத் தண்ணி இல்ல, ஆழத்துல இருந்து வர்ற எங்க தெரு அடிபம்புத் தண்ணி."

அர்த்தநாரி ஒரே மூச்சில் குடித்து முடித்தார். கனகவல்லி சொம்பை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, ராடின் பல்லில் ஒட்டியிருந்த சாம்பல் நிறக் களி கண்ணில் பட்டது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சீ, என்ன மண்ணோ, இந்த நாத்தம் நாறுது. இதுக்கு அடியில இருந்து எங்களுக்கு எப்படித்தான் இவ்வளவு நல்ல தண்ணி வருதோ, போங்க."