நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்

"இருபத்திரண்டாவது தடவையும் இடிஞ்சு விழுந்துடுச்சு, மேடம்."

அறம்வளர்த்தநாதன் கண்ணாடிக் குடுவையை மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு சிட்டிகைச் சாம்பல் நிறப் பொடி. பக்கத்தில் ஒரு கடிதத்தையும் வைத்தார்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. கல்லூரியில் வேதியியல் வாத்தியார். முனைவர் பட்டத்துக்காக மூன்று வருஷம் விடுப்பில் வந்தவர். காற்றிலிருந்து தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் திரும்புவேன் என்று ஆசிரியர் அறையில் மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்திருந்தார். விடுப்பில் மிச்சம் ஐம்பது நாள்.

வழிகாட்டி மெஹருன்னிசா அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். அவர் 'மேடம்' என்பார், இவர் 'சார்' என்பார். யார் யாருக்கு அதிக மரியாதை தருகிறார் என்று ஆய்வகத்துத் தராசுக்கே தெரியாது.

"கடிதத்துல என்ன சார்?"

"ஆய்வுல இருந்து விலகிக்கிறேன்னு எழுதியிருக்கேன். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

மெஹருன்னிசா படிக்கவில்லை. குடுவையைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

"படிகம் நல்லாத்தானே வந்துச்சு?"

"கற்கண்டு மாதிரி வந்துச்சு. மூலைக்கு மூலை உலோகம், குறுக்கே சட்டம், உள்ளே முழுக்க அறை அறையா. ஒரு கிராம் எடுத்து அந்த அறைச் சுவரையெல்லாம் விரிச்சா, கபடிப் போட்டி நடத்தலாம். பார்க்க வர்றவங்களுக்கு பெஞ்சும் போடலாம்."

"அப்புறம்?"

"அறை பூரா, படிகம் வளர்த்த கரைப்பான் உக்காந்திருக்கு. அது போனாத்தானே தண்ணிக்கு இடம்? சூடு ஏத்தி, பம்பு போட்டு ஒரே இழுப்பா இழுத்தேன். போறப்போ சுவரையும் இழுத்துக்கிட்டுப் போயிடுது."

மெஹருன்னிசா கடிகாரத்தைப் பார்த்தார்.

"நம்ம ஆபீஸ் தங்கமாரி வீட்டுக் கல்யாணம். வாங்க சார்."

"என் பொழப்பே போச்சுன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்…"

"பாயசமும் போயிடும் சார்."

மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையைத் தவிர ஊரே சாப்பாட்டுக் கூடத்தில்தான் இருந்தது. மாப்பிள்ளையும் தாலி கட்டும்போது கன்னத்தில் ஒரு வடையை அடக்கி வைத்திருந்தார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

இடப்பக்க வரிசையில் சமையல் காண்ட்ராக்டர் கத்தினார். "சாப்பிட்டவங்கல்லாம் எந்திரிங்க! சீக்கிரம், சீக்கிரம்!"

நாற்பது பேர் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். நாற்காலிகள் பின்னால் சரிந்தன. நீள மேசை முன்னால் சரிந்தது. ரச வாளி மூன்று வரிசையைத் தாண்டிப் பறந்து, ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவருக்கு எதிரே, ஒரு சொட்டும் சிந்தாமல் போய் நின்றது.

வலப்பக்க வரிசையில் மெஹருன்னிசா ஒரு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்.

அதில் ஒரு பெருத்த மனிதர். மூன்றாவது சுற்றுப் பாயசத்துக்காகக் காத்திருந்தார். கிரேன் வைத்தாலும் அசைகிற ஆள் இல்லை.

மெஹருன்னிசா நாற்காலி முதுகில் கை வைத்துச் சும்மா நின்றார்.

மனிதர் திரும்பிப் பார்த்தார். பாயச வாளியைப் பார்த்தார். மறுபடி திரும்பிப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு, எழுந்து போனார்.

நாற்காலி அசையவில்லை.

அறம்வளர்த்தநாதன் வரிசை முழுவதும் பார்த்தார். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர். முன்னால் இருந்தவர் எழ, பின்னால் நின்றவர் உட்கார்ந்தார். மேசை போட்டது போட்டபடி நின்றது.

"உக்காருங்க சார்."

அவர் உட்காரவில்லை.

"மேடம்… பின்னாடி யாரை நிறுத்துறது?"

"உள்ளே இருக்கிறவரை நோகாம எழுப்பணும். கடைசியில தானும் சத்தம் போடாம எந்திரிச்சுப் போகணும். அப்படி யாரு சார் இருக்கா?"

பரிமாறுகிறவர் அப்பளக் கூடையோடு வந்தார்.

"மெத்தனால்!" என்று கத்தினார் அறம்வளர்த்தநாதன்.

"அது அடுத்த பந்தியில வரும் சார்," என்றார் பரிமாறுகிறவர்.

சாப்பிடாமலே ஆய்வகத்துக்கு ஓடினார்.

புதுப் படிகத்தின்மேல், லேசாக ஆவியாகிப் போய்விடுகிற மெத்தனாலை ஊற்றினார். வேளை பார்த்து வடித்தார். மறுபடி புதிதாக ஊற்றினார். எட்டு நாள் பம்பின் பக்கமே போகவில்லை. ஒன்பதாம் நாள் லேசாகச் சூடு காட்டினார்.

ஐம்பதாம் நாள் சாயங்காலம் மெஹருன்னிசாவின் மேசை முன்னால் ஒரு மூடிய ஜாடியோடு வந்து நின்றார். கடிதம் அதே குடுவைக்கு அடியில் கிடந்தது.

ஜாடிக்குள் ஒரு சின்னத் தட்டில் படிகம். சுவரெல்லாம் துளி. அடியில் ஒரு மடக்குத் தண்ணீர்.

"எப்படி சார் வந்துச்சு?"

"ராத்திரி திறந்து வச்சேன். இடம் காலியா இருந்துச்சு. காத்துல இருந்து வந்து உக்காந்துக்கிச்சு."

"எப்படி எந்திரிச்சுச்சு?"

"காலையில மூடி மொட்டை மாடியில வச்சேன். வெயில் பின்னாடி வந்து நின்னுச்சு."

மெஹருன்னிசா சிரிக்கவில்லை.

"நாற்காலி?"

"நாப்பது பந்தி முடிஞ்சுது மேடம். இன்னும் ஆடல."

மெஹருன்னிசா குடுவையை நகர்த்தினார். அடியில் இருந்த கடிதத்தை எடுத்து, கையெழுத்துப் போடாமலே தன் பக்கமாக மடித்தார்.