நாற்பத்து மூன்று பெயர்கள்

எழுத்தாளர் மாசிலாமணி நாடு கடத்தப்பட்ட பதினோராவது ஆண்டில், தூதரகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரித்தவர் சீடர் அரியநாயகம். குருவைவிட இரண்டு வயது மூத்தவர். கட்சிப் பத்திரிகையில் அச்சுக் கோத்துக்கொண்டிருந்து, குருவோடு சேர்ந்து வெளியேறியவர்.

கடிதத்தில் நான்கே வரி. துறைமுக வேலைநிறுத்தத் துப்பாக்கிச் சூட்டில் நாற்பத்து மூன்று பேர் இறந்ததாக மாசிலாமணி பெயர் பெயராக எழுதிய புத்தகம் தவறு. இறந்தவர்கள் எட்டுப் பேர்தான். இப்படி எழுதிக் கையெழுத்திட்டால் இருவரும் ஊர் திரும்பலாம்.

"ஒரு கையெழுத்துத்தானே, ஐயா. போட்டால் என்ன?"

"போய் என்ன செய்யப் போகிறீர்கள்?"

"என் மனைவி பூரணத்தைப் பார்க்க வேண்டும். படுத்த படுக்கையாகிவிட்டாள். மழைக்காலம் தாண்ட மாட்டாள் என்று அவள் தங்கை எழுதியிருக்கிறாள்."

குரு மறுக்கவில்லை. புத்தகத்தை எடுத்துப் பெயர்கள் இருந்த பக்கத்தைப் பிரித்து வைத்தார். பேனாவை நீட்டினார்.

"முப்பத்தைந்து பேரை அடிக்க வேண்டும். அடியுங்கள்."

"நானா?"

"உங்களுக்குத்தானே பழக்கம்? இடமில்லை இடமில்லை என்று என் கட்டுரையில் பாதியை வெட்டிய மனிதர்."

சீடர் சிரிக்கவில்லை. விரல் வைத்து எண்ணிக்கொண்டே போய்ப் பத்தொன்பதாவது பெயரில் நின்றார். இன்பராசன், வயது பதினேழு. அவருடைய ஒரே மகன்.

கோடு நேராக விழுந்தது.

"இவன் என் பிள்ளை. அம்மாவுக்காகப் பொறுத்துக்கொள்வான்."

"சரி. இன்னும் முப்பத்து நான்கு."

அடுத்த பெயர், மூட்டை தூக்கும் சின்னமுத்து. பேனா அந்தப் பெயருக்கு மேலேயே நின்றது. அடுத்ததற்குப் போனது. பிறகு பக்கத்தின் உச்சிக்குப் போனது. அங்கேயும் இறங்கவில்லை.

"யார் பெற்ற பிள்ளையோ, ஐயா. நான் எப்படி அடிப்பது?"

"பெற்றவர்களைக் கேளுங்கள். அத்தனை வீட்டிலும் சரி என்றால் கையெழுத்துப் போடுகிறேன்."

"கடிதம் எழுதிக் கேட்கட்டுமா?"

"இதையா? வாசலில் போய் நின்றல்லவா கேட்க வேண்டும்."

"அதற்கு ஊருக்குப் போக வேண்டுமே! கையெழுத்தில்லாமல் எப்படிப் போவது?"

மாசிலாமணி பேனாவை வாங்கி மூடினார்.

"அதனால்தான் நானும் இன்னும் போகவில்லை."