தும்பிச் சிறகில் ஒரு கோடு

"என் கட்டுரை நாலு நாளா உங்க மேசையில கிடக்கு. ஏன் மேடம் இன்னும் கையெழுத்துப் போடலை?"

கேட்டவர் வேதமாணிக்கம். முப்பது வருடம் அறிவியல் வாத்தியாராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். அவருடைய வழிகாட்டி ஷாஜிதா, அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"ஒரு கோடு இடிக்குது சார்," என்றார் ஷாஜிதா.

எந்தக் கோடு என்று வேதமாணிக்கம் கேட்கவில்லை.

கல்லில் பதிந்த தும்பிச் சிறகு அது. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முந்தையது. தலை இல்லை, உடல் இல்லை. ஒற்றைச் சிறகுதான். அதன் நரம்பு ஒன்று நுனிக்கருகே இரண்டாகக் கிளைத்தது.

அந்தக் கிளைக்கோடு நரம்புதான் என்றால் புது இனம். இல்லையென்றால், யாரோ எப்போதோ பெயர் வைத்துவிட்ட பூச்சி.

வேதமாணிக்கம் பெயரே வைத்துவிட்டார். போன வருடம் இறந்துபோன மனைவியின் பெயர்.

"வெளிநாட்டுக்காரங்களும் இதே பாறையிலதான் வேலை செய்யறாங்க. இதழுக்கு இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் கெடு. அனுப்பலைன்னா முந்திடுவாங்க மேடம்."

"எத்தனை வருஷமா இந்தக் கல்லைப் பார்க்கறீங்க?"

"நாலு."

"விளக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"இடப்பக்கம்."

"எப்பவுமேவா?"

வேதமாணிக்கம் விளக்கைத் திரும்பிப் பார்த்தார்.

ஷாஜிதா பேனாவை எடுத்தார். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"போட்டாச்சு. அனுப்பறதுன்னா அனுப்பிடுங்க."

பிறகு விளக்கைத் தூக்கிக் கல்லின் வலப்பக்கம் வைத்தார். சுவிட்சைத் தொடவில்லை. டீ குடிக்கப் போய்விட்டார்.

மணி நாலரை.

கையெழுத்துதான் வந்தாயிற்றே என்றது மனசு. வேதமாணிக்கத்தின் விரல் கணினி வரைக்கும் போனது; திரும்பியது. மறுபடியும் போனது.

நாலே முக்காலுக்கு விளக்கைப் போட்டார். நுண்ணோக்கியில் குனிந்தார்.

கோடு இருந்தது.

ஆனால் சிறகின் ஓரத்தோடு அது நிற்கவில்லை. ஓரத்தைக் கடந்து வெறும் கல்லிலும் ஓடியது. இடப்பக்க வெளிச்சத்தில் இத்தனை நாள் நிழலில் கிடந்த இடம்.

வெறும் கல்லில் ஏது நரம்பு? விரிசல்.

கொஞ்ச நேரம் அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. கண்ணாடி வில்லையில் ஆவி படிந்து எல்லாம் கலங்கியது.

கேன்டீனுக்குப் போனபோது மணி ஐந்தே கால். ஷாஜிதாவின் டீ, ஒரு வாய்கூடக் குடிக்காமல், ஆடை கட்டிக் கிடந்தது.

"அனுப்பியாச்சா சார்?"

"அந்தக் கோடு சிறகைத் தாண்டி ஓடுது மேடம்."

ஷாஜிதா கண்ணை மூடித் திறந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. நானும் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை."

வேதமாணிக்கத்துக்குக் கோபம் வந்தது. "கல்லைச் சரியாப் பார்க்காமலா கையெழுத்துப் போட்டீங்க?"

"கல்லைப் பார்த்தா போட்டேன்?" என்றார் ஷாஜிதா, அவர் முகத்தையே பார்த்தபடி.