எறும்பு நுழையாத வீடு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா, தம் நாட்டில் யார் வீடு இடிந்தாலும் எரிந்தாலும் அரண்மனையே அதைத் திரும்பக் கட்டித் தரும் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் காப்புக்காகக் குடிகள் அறுவடைதோறும் ஒரு மரக்கால் நெல் அளந்தார்கள். ஒரு நாள் அவருக்கு என்ன தோன்றியதோ, எறும்பு நுழைய இடுக்கு இருக்கிற வீட்டுக்குக் காப்பு கிடையாது என்று ஆணையிட்டுவிட்டார். வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் வேலை அமைச்சர் விருத்தகிரிக்கு.

அவர் முதலில் போனது விகடகவி சடையாண்டியின் வீட்டுக்கு. சபையில் ராஜா தம்மைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் இவனால்தான் என்ற எரிச்சல். கைத்தடியால் உத்தரத்தைத் தட்டினார். பொலபொலவென்று மண் கொட்டியது. கரையான் அரித்து இடுக்கு விட்டிருந்தது. காப்புள்ள வீடுகளை எழுதிவைக்கும் ஏட்டில் அவன் பெயரை அங்கேயே அடித்தார். மூன்றாம் நாள் ராஜாவோடு வருவதாகவும், அன்றும் இடுக்கு இருந்தால் அந்தப் பெயர் இனி ஏடேறாது என்றும் சொல்லிப் போனார்.

சடையாண்டி அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தான். அந்த உத்தரத்தில்தான் குழந்தையின் தூளி தொங்கிக்கொண்டிருந்தது. ஊரையே அண்ணாந்து சிரிக்க வைத்தவன் தன் தலைக்கு மேலே ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே என்று நொந்துகொண்டான். மனைவி வேலம்மையையும் குழந்தையையும் பக்கத்து வீட்டில் விட்டான். புது உத்தரத்துக்கு வக்கில்லை, மழைக்காலமோ நெருங்கிவிட்டது. ஏரியில் களிமண் மட்டும் வேண்டிய மட்டும் கிடைத்தது.

மூன்றாம் நாள் ராஜா வந்தபோது அந்த வீட்டுக்குக் கதவுமில்லை, சன்னலுமில்லை. எல்லாம் மண்ணால் பூசி அடைத்திருந்தது. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"அரசே, ஆணைப்படி எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டேன். அமைச்சர் உள்ளே வந்து பார்க்கட்டும்."

"எப்படியடா வருவார்?"

"எறும்புக்கே வழியில்லை, அரசே. அமைச்சர் அதைவிடச் சிறுத்து வந்தால் உண்டு."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காவலர்கள் மண்ணை உடைக்க, சேற்றில் புரண்ட எருமை மாதிரி வெளியே வந்த சடையாண்டி, நேராக விருத்தகிரியின் காலில் விழுந்தான்.

"இதுவும் பரிகாசமா?" என்றார் அவர்.

"இல்லை ஐயா. நீங்கள் தட்டியிராவிட்டால் அந்த உத்தரம் என் பிள்ளைமேல் விழுந்திருக்கும்." பிறகு ராஜாவைப் பார்த்தான். "குறையைக் கண்டு சொன்னது பெரிய உபகாரம், அரசே. ஆனால் நோயைக் கண்ட அன்றைக்கே வைத்தியர் கைவிட்டால் நோயாளி எங்கே போவான்? சரிசெய்ய நாள் கொடுங்கள். அதுவரை காப்பும் இருக்கட்டும்."

ஆணை மாறியது. குறை கண்ட வீட்டுக்கு ஒரு மாதக் கெடு. அதுவரை பெயர் ஏட்டிலேயே இருக்கும். சடையாண்டிக்குப் பரிசாக அரண்மனைத் தேக்கில் ஓர் உத்தரம் வந்தது. வாசலை மட்டும் விட்டுவைக்கச் சொல்லி அனுப்பிய ராஜா, அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தாராம்.

உத்தரம் ஏறிய அன்று விருத்தகிரி கூப்பிடாமலே வந்து மூன்று முறை தட்டிப் பார்த்தார். கணீரென்றது. வேலம்மை தூளிக் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். முடிச்சை அவரே போட்டார். இரண்டு முறை இழுத்தும் பார்த்தார்.