அறுபதாவது கம்ப்யூட்டர்

தென்காசிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி, அதில் அறுபது கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர்கள் தாங்களாக அவற்றில் எதையும் ஏற்றவோ நீக்கவோ முடியாது. அந்த அதிகாரம் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜெபமணி ஒருத்திக்குத்தான். பெயர்தான் அதிகாரம், ஆளாளுக்கு விரட்டுவது அவளைத்தான்.

ஒரு திங்கட்கிழமை கண்காணிப்பாளர் டாக்டர் ஹெப்சிபா அவளைக் கூப்பிட்டார். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு ஓடும் பிளகின் என்ற குட்டி நிரல்களில் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக வைரஸ் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிடுகிறது என்று எச்சரிக்கை வந்திருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்துலயும் பாதுகாப்பு அப்டேட் போட்டுரணும். இது ஒண்ணை மட்டும் விட்டுருங்கன்னு யாருக்காகவும் எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

ஜெபமணி தலையாட்டினாள். ஸ்கேன் அறைக்குள் நுழைந்தாளோ இல்லையோ, இருபது வருஷமாக ஸ்கேன் எடுக்கும் நயினார் வழிமறித்தார்.

"இந்த ஒண்ணுல மட்டும் கை வச்சிராத தாயி. பழைய படமெல்லாம் இந்தப் பழைய பிளகின்லதான் தெறக்கும். அப்டேட் போட்டா அது செத்துரும்."

பழைய படம் தேவைப்பட்ட நோயாளிகள் பதினொரு பேர். அவர்களில் ஒருத்தி சொர்ணம், பீடி சுற்றுகிறவள். தலைக்குள் கட்டி. மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய, ஆறு மாதத்துக்கு முந்தைய படத்தையும் புதுப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அன்று கொடுத்த சீட்டில் 'கட்டி உள்ளது' என்று மட்டும்தான் இருந்தது, அளவு இல்லை. படத்தை ஃபிலிமில் அச்சடித்துக் கையில் கொடுக்கும் வழக்கமும் நின்று வருஷமாகிவிட்டது. நல்ல நிலையில் இருந்த அச்சு இயந்திரம் அந்த அறை மூலையில் துணி போர்த்தி நின்றது. அதன்மேல்தான் நயினார் சாப்பாட்டுத் தூக்கை வைப்பார்.

"கை வைக்க மாட்டேன் அண்ணாச்சி" என்று வாக்குக் கொடுத்தாள் ஜெபமணி. இளகிய மனசு, என்ன செய்ய.

கண்காணிப்பாளர், நயினார் இரண்டு பேருக்கும் சரி என்றாயிற்று. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, வைரஸ் புக வழியில்லாதபடி வியாழக்கிழமை அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினாள். அப்டேட் பட்டியலிலிருந்தும் அதன் பெயரை எடுத்தாள். "ஒயரை மாட்டாதீங்க அண்ணாச்சி" என்றவள், ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் விஷயம் கண்காணிப்பாளர் காதுக்குப் போய்விடும் என்று பயம். மறுநாள் அறிக்கை போனது: ஐம்பத்தொன்பதுக்கு ஐம்பத்தொன்பது, நூறு சதவீதம். அறுபதாவது எங்கே என்று கேட்காமலே டாக்டர் ஹெப்சிபா கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் சொர்ணத்துக்குப் புதுப் படம் எடுத்தார்கள். பழையதைத் திரையில் திறந்து, அப்படியே நகலெடுத்து மெயிலில் அனுப்பச் சொல்லி மேல்மாடியிலிருந்து மருத்துவர் போன் செய்தார். ஐந்து நிமிஷம்தானே என்று நயினார் ஒயரை மாட்டினார். மெயில் திறக்கும் முன்பே வேறேதோ பக்கம் தானாகத் திறந்தது. அவர் படத்தைத் தேடி எடுப்பதற்குள் திரை சிவந்து, அத்தனை கோப்பும் பூட்டிக்கொண்டது. மற்ற ஐம்பத்தொன்பதுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பழைய படங்கள் இருந்தது இந்த ஒன்றில் மட்டும்தான்.

யார் சொல்லியும் கேட்க மாட்டேன் என்றவர் ஹெப்சிபா. யாருக்கும் சொல்லாமல் மறைத்தவள் ஜெபமணி. வேண்டாம் என்றதைச் செய்தவர் நயினார். இந்த மூவரில் பெரிய பிழை யாருடையது?

விடை: நயினார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒயரை ஏன் மாட்டக் கூடாது என்று தெரியாதவர்மேல் எவ்வளவு பழி போடுவது? ஹெப்சிபா கறார்தான், ஆனாலும் நாலு நாள் கொடுத்தார். அந்த நாலு நாளில் பதினொரு படத்தையும் ஃபிலிமில் அச்சடித்திருக்கலாம். இயந்திரம் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியிலேயே இருந்தது. நயினாருக்கு வேண்டியது கம்ப்யூட்டர் அல்ல, படங்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாக்குக் கொடுத்த ஜெபமணிதான் பிழை செய்தவள். அவளுக்கே இது விளங்கிவிட்டது, எல்லாம் போன பிறகு. வராந்தாவில் சொர்ணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கட்டி கூடிருக்காம்மா, கொறஞ்சிருக்கா?" என்று கேட்டாள். அதற்கு அந்த ஆஸ்பத்திரியில் யாரிடமும் விடை இல்லை.